புது டெஸ்க்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது: மதர்போர்டை மாற்றும் முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மூன்று வாரம் முன்பு பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய புது டெஸ்க்டாப். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர், இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு. நாளுக்கு இரண்டு மூன்று தடவை திரை அப்படியே நின்றுவிடுகிறது. நீலத் திரை வருவதில்லை, தானாக ரீஸ்டார்ட் ஆவதும் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டாயிற்று, பலனில்லை. அடுத்து மதர்போர்டை மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸை மூன்றாம் தடவை போடவும் வேண்டாம். ஆனால் அந்த இரண்டு தடவையும் வீண் என்று நினைக்காதீர்கள். சுத்தமாகப் போட்ட பிறகும் அதே மாதிரி நிற்கிறதென்றால், கோளாறு பெரும்பாலும் விண்டோஸுக்குக் கீழே இருக்கிறது: ஏதோ ஒரு பாகம், அல்லது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருளில்) ஒரு செட்டிங். மிஞ்சினால் இரண்டு தடவையும் நீங்கள் மறக்காமல் போட்ட ஏதோ ஒரு டிரைவர் அல்லது ஆப்.

நீலத் திரை வந்தால் அது ஒரு வாக்குமூலம் மாதிரி. எங்கே இடித்தது என்று ஒரு குறிப்பை விண்டோஸ் எழுதிவைத்துவிட்டு விழுகிறது. ஹேங்கில் பெரும்பாலும் எழுத நேரம் இருப்பதில்லை. அதனால் நமக்குக் கிடைக்கும் முக்கியமான சாட்சி ஒன்றுதான்: எப்போது, எப்படி நின்றது என்பது. ஒரு தாளை கீபோர்டு பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம், கணினியை ஆன் செய்து எவ்வளவு நேரமாயிற்று, என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று மூன்று வார்த்தை எழுதுங்கள். கேம் ஓடும்போதா, யூடியூப் பார்க்கும்போதா, சும்மா இருக்கும்போதா? ஐந்து வரி சேர்ந்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அடுத்த தடவை நின்றதும் உடனே பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். கீபோர்டில் அந்தச் சின்ன விளக்கு மாறி மாறி எரிந்து அணைகிறதா? யுஎஸ்பி கீபோர்டில் அந்த விளக்கை ஏற்றி அணைப்பது கீபோர்டு அல்ல, விண்டோஸ். விளக்கு மாறினால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது தொடர்கிறதா, நின்றுவிட்டதா, அல்லது ஒரே துண்டு ட்ர்ர்ர் என்று சுற்றிச் சுற்றி ஒலிக்கிறதா என்று கேளுங்கள். பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். அது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி எழுப்பும் கட்டளை. வேலை செய்தால் ஒரு பீப் சத்தத்தோடு திரை ஒருமுறை இருண்டு திரும்பும். கடைசியாக ஒரு இரண்டு நிமிடம் சும்மா காத்திருங்கள்.

பாட்டு ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது, படம் மட்டும் நின்றுவிட்டது என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைத் தட்டினாலும் திறக்கவில்லை, ஒரு நிமிடம் கழித்துத் தானே சரியாகிறது என்றால் எஸ்எஸ்டி. எல்லாமே கல்லாகிவிட்டது, விளக்கும் மாறவில்லை, ஒலி ட்ர்ர்ர் என்கிறது என்றால் ரேம், பிராசஸர், மதர்போர்டு, பவர் என்று அடிமட்டத்தில் ஏதோ ஒன்று. இது நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி அல்ல. ஆனால் எந்தப் பக்கம் முதலில் தோண்டுவது என்று சொல்லிவிடும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது மூன்றாவது வகை மாதிரி தெரிகிறது. அப்படியென்றால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். ரேம் கெட்டது என்று சொல்லவில்லை. ரேம் ஓடும் வேகத்தின் மேல் சந்தேகம்.

பூட்டி முடித்ததும் பயாஸில் போய் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்திருப்பீர்கள்; எல்லா வீடியோவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். இன்டெல் பக்கம் இதே வேலையைச் செய்வது எக்ஸ்எம்பி. ரேம் பெட்டியில் 6000 என்று போட்டிருப்பது அதை ஆன் செய்தால் கிடைக்கும் வேகம். ஆனால் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தருவது 5200 வரைக்கும்தான், அதுவும் இரண்டு ரேம் போட்டால். நான்கு போட்டால் அந்த உறுதி 3600-க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்கிளாக்தான், பெட்டியில் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தாலும். டிடிஆர்5-இன் இயல்பான 1.1 வோல்ட்டை 1.35 வோல்ட் வாக்கில் ஏற்றித்தான் அந்த வேகத்தை எடுக்கிறார்கள். பெரும்பாலான கணினிகளில் அது அழகாக ஓடும். சிலவற்றில் 23 மணி நேரம் ஓடிவிட்டு 24-ஆவது மணியில் நிற்கும்.

எனவே முதல் வேலை, எக்ஸ்போவை அணைப்பது. பயாஸில் டீஃபால்ட் செட்டிங்கை லோட் செய்தாலே அணைந்துவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரேம் செட்டிங்கை மாற்றியபின் முதல் தடவை போடும்போது திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் இருக்கலாம். மதர்போர்டு ரேமோடு பேசிப் பழகும் நேரம் அது. பயந்துபோய் நடுவில் பவரைப் பிடுங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பொறுத்திருங்கள்.

பிறகு வழக்கம்போல் பயன்படுத்துங்கள். எத்தனை நாள்? நாளுக்கு இரண்டு தடவை நிற்கும் கணினி மூன்று நாள் நிற்காமல் ஓடினால் நம்பலாம். ஒரு சாயங்காலம் நிற்கவில்லை என்பதற்காகக் கொண்டாடிவிடக் கூடாது. எக்ஸ்போ இல்லாமல் ஓடுகிறது என்று உறுதியானால் பயாஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி எக்ஸ்போ போட்டுப் பாருங்கள். புதிய பயாஸ்களில் ரேமைக் கையாளும் விதம் நன்றாகவே மேம்பட்டு வந்திருக்கிறது. அப்போதும் நின்றால் வேகத்தை 5600-க்கு இறக்குங்கள். நாள்தோறும் செய்கிற வேலைகளில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஹேங் ஆவதைப் பார்க்க முடியும்.

எக்ஸ்போ இல்லாமலும் நின்றால் ரேமையே சோதிக்க வேண்டும். அதற்கு முன் கேஸைத் திறந்து, இரண்டு ரேமும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் அந்த இரண்டுதான் சரியான இடம். கழற்றி மறுபடி மாட்டும்போது இரண்டு முனையும் சமமாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள ஸ்லாட்டுகளில் கொக்கியில்லாத முனை நகத்தின் கனத்துக்கு மேலே நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் செய்யுங்கள். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும். படுக்கப்போகும் முன் போட்டுவிட்டால் காலையில் முடிந்திருக்கும். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெம்டெஸ்டில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். ரேம் விஷயத்தில் பரவாயில்லை என்ற மதிப்பெண்ணே கிடையாது. வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு உதவும்.

டிடிஆர்5-இல்தான் உள்ளேயே ஈசிசி இருக்கிறதே, பிழையைத் தானே திருத்திக்கொள்ளாதா என்று சிலர் கேட்பார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும்தான் திருத்தும். ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே போகிற வழியில் கெடுவதை அது பார்ப்பதே இல்லை. எக்ஸ்போ வேகத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

என் நண்பர் ஒருவரின் கணினியில் இதே கதை நடந்தது. கேம் ஆடினால் மூன்று மணி நேரம் அசையாமல் ஓடும். பிராசஸர் டெஸ்ட், கிராஃபிக்ஸ் டெஸ்ட் எல்லாவற்றிலும் பாஸ். ஆனால் பிடிஎஃப் ஒன்றைத் திறந்துவைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் வந்தால் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் நின்றிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். அப்புறம்தான் அவர் ஒரு விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார்: முதலில் இரண்டு ரேம் வாங்கினாராம், பிறகு அதே மாடல் நம்பரில் இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தாராம். மாடல் நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். ஒரே பெட்டியில் வருபவைதான் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. மெம்டெஸ்டில் முதல் இரண்டு சுற்று சுத்தம். மூன்றாவது சுற்றில், விடிகாலையில், வரிசையாகச் சிவப்பு. இரண்டைக் கழற்றினோம், அதோடு சரி. நான்கு ரேமும் தனித்தனியே நல்லவைதான் என்பதுதான் வேடிக்கை.

ரேமில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எனக்குப் பிடித்த சோதனை லினக்ஸ் பென் டிரைவ். உபுண்டு மாதிரி ஏதாவது ஒன்றைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, பிரவுசரில் வீடியோ போட்டுவிட்டு அரைநாள் விடுங்கள். அங்கேயும் நின்றால் விண்டோஸ், அதன் டிரைவர்கள், உங்கள் எஸ்எஸ்டியில் இருக்கும் எல்லாம் ஒரே அடியில் விடுதலை. அங்கே நிற்கவில்லை, விண்டோஸில் மட்டும் நிற்கிறது என்றால் தேடவேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

அந்தப் பாதியில் முதலில் பார்க்கவேண்டியது மதர்போர்டு நிறுவனத்தின் ஆப். சுத்தமாக விண்டோஸ் போட்ட அடுத்த நிமிடமே மூலையில் ஒரு பெட்டி வந்து "எங்கள் ஆப்பை இன்ஸ்டால் செய்யட்டுமா?" என்று கேட்டிருக்குமே, அது பயாஸிலிருந்து வருகிறது. அதனால்தான் இரண்டு தடவை போட்டும் அதே சிக்கல் திரும்பி வரலாம். விளக்கின் நிறத்தை மாற்ற ஒரு ஆப், ஃபேன் வேகத்துக்கு இன்னொன்று, வெப்பம் பார்க்க மூன்றாவது என்று மூன்றும் மதர்போர்டின் அதே சென்சார்களை ஒரே நேரத்தில் போட்டி போட்டுக்கொண்டு கேட்டால் கணினி திணறும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு நாள் பாருங்கள். பயாஸில் அந்தப் பெட்டியை வராமல் நிறுத்தும் செட்டிங்கும் இருக்கும்.

இனி ஈவன்ட் வியூவர், அதாவது நடந்ததையெல்லாம் நேரத்தோடு விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேடு. ஹேங் ஆனால் எல்லோரும் அங்கே போய் கர்னல் பவர் 41 என்ற சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு, பவர் என்று எழுதியிருக்கிறதே என்று பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். அந்த வரிக்கு அர்த்தம் வேறு: முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி அணைந்தது, அவ்வளவுதான். அணைத்தது யார்? பவர் பட்டனை அழுத்திப் பிடித்த நீங்கள்தான். அதை விட்டுவிட்டு அதற்குச் சற்று முந்தைய நேரத்து வரிகளைப் பாருங்கள். வீயா லாகர் என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அது உண்மையான ஹார்டுவேர் பிழை. எந்தப் பாகம் என்றுகூடச் சில சமயம் உள்ளே எழுதியிருக்கும். 129 என்ற எண்ணோடு ஸ்டோர்என்விஎம்இ அல்லது ஸ்டோர்ஏஎச்சிஐ என்று வந்தால், எஸ்எஸ்டி பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது என்று பொருள். 4101 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் நின்று எழுந்திருக்கிறது. கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் இதைச் செய்யும்.

129 வந்தால் எஸ்எஸ்டி நிறுவனத்தின் டூலைப் போட்டு ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா பாருங்கள். இது சடங்குக்குச் சொல்வது அல்ல. 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில மாடல்கள் கணினியின் ரேமிலிருந்து கடன் வாங்கும் இடத்தின் அளவு மாறியதால் அடிக்கடி கவிழ்ந்தன. ஃபர்ம்வேர்தான் மருந்தாக வந்தது. பவர் பிளானில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்பதை ஆஃப் செய்து பார்ப்பதும் நல்லது. வேறு எம்.2 ஸ்லாட் இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள்.

கிராஃபிக்ஸ் மேல் சந்தேகம் என்றால் டிடியு என்ற டூலைப் போட்டு, சேஃப் மோடில் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். ஆனால் அதைவிட நேரடியான வழி உங்களிடம் இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் எஃப் என்று முடியும் மாடல்களைத் தவிர மற்றவற்றில் பிராசஸருக்குள்ளேயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகி இரண்டு நாள் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் கார்டு, அதன் டிரைவர், அதன் பவர் கேபிள் மூன்றில் ஒன்று. கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் கொண்டுபோங்கள். ஒரே கேபிளின் இரட்டை வாலை இரண்டிலும் சொருகாதீர்கள். கார்டைச் செங்குத்தாக நிற்க வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் பயாஸில் அந்த ஸ்லாட்டை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஜென் 3 வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

உங்கள் தாளில் சும்மா இருக்கும்போது, சும்மா இருக்கும்போது என்றே வரிசையாக வந்தால் அது தனிக் கதை. வேலை இல்லாத நேரத்தில் பிராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் மிகக் குறைந்த மின்சாரத்தில் கிடக்கும். 2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன்களில் இதனாலேயே ஹேங் ஆவதாகப் பலர் புலம்பினார்கள். பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற செட்டிங்கை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றினால் சரியாயிற்று. இப்போதைய போர்டுகள் பலவற்றிலும் அது இருக்கிறது. முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. பிராசஸரின் வோல்ட்டேஜை மாற்றும் கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கில் கை வைத்திருந்தீர்களா? அதில் மைனஸ் போட்டு வோல்ட்டேஜைக் குறைத்தால் முழு வேகத்தில் எல்லா டெஸ்டும் பாஸாகும், சும்மா இருக்கும்போது கவிழும். பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இன்டெல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், குறிப்பாக ஐ7, ஐ9 மாடல்களில், தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் ஏறி பிராசஸரே தேய்ந்துபோகும் சிக்கலை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன, வாரண்டியும் இரண்டு ஆண்டு கூட்டப்பட்டது. பயாஸ் அப்டேட் இனிமேல் தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. அப்படிப்பட்டதை மாற்றத்தான் வேண்டும்.

சூடு பற்றி இவ்வளவு நேரம் பேசவில்லை என்று கவனித்திருப்பீர்கள். எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான், ஆனால் இன்றைய பிராசஸர் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் அணைந்துவிடும். படம் உறைந்து நிற்பது அபூர்வம். ரைசன் 7000-இன் பெரிய மாடல்கள் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. வெப்பம் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ ஆப்பில் ஒருமுறை பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 80-ஐத் தாண்டினால் கூலரைக் கழற்றி அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது. பவர் சப்ளையும் இப்படித்தான்: அது தவறினால் பெரும்பாலும் சட்டென்று அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பவர் சப்ளையின் மாடுலர் கேபிள்களைப் புதியதில் சொருகாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும், பாகங்கள் கருகிவிடும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எக்ஸ்போவை அணைத்து, பயாஸ் அப்டேட் செய்து, டிரைவரையும் மாற்றிய அதே நாளில் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் எக்ஸ்போவை மறுபடி போடும்போது திரும்ப இங்கேதான் வந்து நிற்பீர்கள். கூடவே, திருப்பிக் கொடுக்கும் கெடு எந்தத் தேதி வரை என்று பில்லில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். புது பாகத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது நம் வேலை அல்ல. ஒரு பாகம் என்று உறுதியானால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

சரி, மதர்போர்டை எப்போதுதான் மாற்றுவது? எந்த ரேமைப் போட்டாலும் இரண்டாவது ஸ்லாட்டில் மெம்டெஸ்ட் பாஸாகிறது, எதைப் போட்டாலும் நான்காவதில் தோற்கிறது என்றால் ரேம் குற்றமற்றது. மிச்சம் இருப்பது போர்டும் பிராசஸரும். கூலரைத் தளர்த்தி, குறுக்கு வரிசையில் சமமாக மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகம் அழுந்தினாலும் ஒரு ரேம் சேனல் மட்டும் தகராறு செய்யும். அதற்கும் மசியவில்லை என்றால் பிராசஸரை எடுத்து சாக்கெட்டை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்கள். எல்லாம் ஒரே திசையில் பளபளக்க வேண்டும், ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மின்னும். வளைந்திருந்தால் நீங்களே நிமிர்த்தப் போகாதீர்கள். எல்லாம் நேராக இருந்தும் அந்த ஸ்லாட் தோற்கிறது என்றால் அப்போது போர்டை அனுப்பலாம். சாக்கெட்டைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வரும்போது மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்ப மாட்டி அனுப்புங்கள். அந்த மூடி இல்லாமல் அனுப்பி, வழியில் பின் வளைந்துவிட்டால், வளைத்தது நீங்கள்தான் என்று வாரண்டியை மறுத்துவிடுவார்கள்.